காபியோடு விழுங்கிய மாத்திரை: இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகும் என் ஹீமோகுளோபின் 8.6இலிருந்து 8.9க்குத்தான் நகர்ந்திருந்தது. அறிக்கையைப் பார்த்ததும் டாக்டரம்மா மாத்திரையை மாற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ ஒரே கேள்வி: "எப்போது போடுகிறீர்கள், எதோடு?" காலையில் எழுந்ததும் காபியோடு என்றேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று நானே கண்டுபிடித்த ஏற்பாடு அது. "அப்படியானால் மூன்று மாதமாகக் காபிக்குத்தான் இரும்புச்சத்து கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். மாத்திரையை மாற்றவில்லை, நேரத்தை மட்டும் மாற்றினார். ஐந்து வாரம் கழித்துப் பார்த்தபோது 10.4.

அன்றிலிருந்து "ரத்தம் ஊற என்ன சாப்பிடலாம்?" என்று யார் கேட்டாலும், எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். தட்டில் இருக்கும் இரும்பு வேறு, உடம்பில் ஏறும் இரும்பு வேறு. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் இருக்கும் இரும்பில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே நல்ல கணக்கு. பெரும்பாலும் அதுவும் போவதில்லை. அந்தப் பங்கை எப்படிக் கூட்டுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாக அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு குழம்பி நிற்பவர்களுக்காக, எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: ஊகிக்காமல் அளந்து பாருங்கள்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எந்நேரமும் அசதி, கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது, கீழிமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருப்பது ஆகியவை எல்லோரும் சொல்லும் அறிகுறிகள். யாரும் வெளியே சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அரிசி களையும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்வது, ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்பது, மழை பெய்ததும் மண் வாசனைக்கு நாக்கு ஊறுவது, திருநீற்றையோ சாம்பலையோ கிள்ளி வாயில் போட்டுக்கொள்வது. நான் ஆறு மாதம் பச்சரிசி தின்றேன். வீட்டில் அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டினார்கள். அது பழக்கம் இல்லை, இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். இரும்பு ஏறியதும் தானாகவே நின்றுவிட்டது.

அறிகுறியை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும், கர்ப்பிணிகளுக்கு 11க்கும், ஆண்களுக்கு 13க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் கையில் இருக்கும் ரொக்கம் என்றால், ஃபெரிட்டின் பெட்டியில் இருக்கும் சேமிப்பு. முதலில் கரைவது சேமிப்புதான். ஹீமோகுளோபின் 12.2 என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களில் பலருக்குப் பெட்டி காலியாக இருக்கும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். 30க்குக் கீழேயே கவனிக்கத் தொடங்கும் மருத்துவர்கள் அதிகம். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். சளி, காய்ச்சல் ஓய்ந்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள்.

ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை. பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் வரும். சுத்த சைவம் சாப்பிடுபவர்கள் பி12ஐயும் பார்த்துவிடுவது நல்லது. பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தாலசீமியாவின் குணம் உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிறுத்து, அறிக்கை பார்ப்பதற்கு இரும்புக் குறைவு போலவே இருக்கும். ஆனால் ஃபெரிட்டின் சரியாக இருக்கும். அவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுப்பதால் பயனில்லை. தேவையில்லாத இரும்பு உடம்பில் சேர்ந்தால் ஈரலுக்குக் கேடு. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாம் படி: ஓட்டை எங்கே என்று தேடுங்கள்

வளர்ந்த மனித உடம்பில் மொத்தம் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு நடுத்தர ஆணி அளவு. அதை உடம்பு மிகவும் சிக்கனமாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. சாதாரணமாக நாளுக்கு ஒரு மில்லிகிராம்தான் வெளியேறும். ரத்தம் போனால் கணக்கு மாறிவிடும். இரண்டு மில்லி லிட்டர் ரத்தத்தோடு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிலக்கில் 40 மில்லி லிட்டர் போனால் 20 மில்லிகிராம். அதிகப் போக்கு உள்ளவர்களுக்கு அது இரண்டு, மூன்று மடங்கு. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு கீரை போட்டாலும் நிரம்பாது.

ஏழு நாளுக்கு மேல் போக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலை, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப்பைக் கட்டி இருக்கலாம், தைராய்டு கோளாறு இருக்கலாம். "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்பதை விளக்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். என் அம்மா அப்படிச் சொல்லியே இருபது வருடம் ஓட்டினார்.

ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், உணவைக் குறை சொல்வதற்கு முன்னால் குடலைப் பார்க்க வேண்டும். மூலம், குடல்புண், மூட்டு வலிக்குத் தினமும் விழுங்கும் வலி மாத்திரை, அரிதாகக் குடல் புற்றுநோய் என்று ரத்தம் சத்தமில்லாமல் கசியும் இடங்கள் பல. வெறுங்காலோடு வயலில் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு மாத்திரை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: காபி, டீயை நகர்த்துங்கள்

செலவில்லாத படி இதுதான். நம் ஊரில் மிகக் கடினமான படியும் இதுதான்.

வீட்டில் காலாவதியான இரும்பு மாத்திரை ஒன்று கிடந்தால் பொடித்து, பால் கலக்காத தேநீர்த் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் அது மை போலக் கறுத்துவிடும். மை போல என்றது உவமைக்காக மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் எழுத்து மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. இரண்டும் சேர்ந்தால் கரையாத கறுப்பாக இறுகிவிடும். தேயிலையிலும் காபியிலும் இருப்பது அதே குடும்பத்தைச் சேர்ந்த துவர்ப்புதான். கீரைக் கூட்டு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் வயிற்றுக்குள் கொஞ்சம் மை காய்ச்சுகிறோம்.

1983இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த தேநீர் இரும்பு ஏறுவதை 64 சதவீதமும், காபி 39 சதவீதமும் குறைத்தன. இன்னொரு முடிவுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, கூடவே குடித்த அளவுக்குக் கெடுத்தது. ஆக, காபிப் பிரியர்கள் காபியை விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவோ, இரண்டு மணி நேரம் கழித்தோ குடித்தால் போதும். காலை ஆறரைக்குக் காபி, எட்டு மணிக்கு டிபன். மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு, நான்கு மணிக்குக் காபி. டிபன் முடிந்ததும் "ஒரு அரை டம்ளர்" கேட்கும் பழக்கம் இருக்கிறதே, விட வேண்டியது அதைத்தான். எனக்கு அது பதினைந்து நாள் தலைவலியைக் கொடுத்தது.

சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு போடுபவர்கள் கவனிக்க: பாக்கிலும் அதே துவர்ப்புதான்.

பால், தயிரில் இருக்கும் சுண்ணாம்புச்சத்தும் இரும்பை ஓரளவு தடுக்கும். ஆனால் தயிர்ச் சோற்றை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிறுத்தவும் மாட்டீர்கள். கலந்து சாப்பிடும் உணவில் அந்தத் தடை சிறியது. கால்சியம் மாத்திரையைத்தான் தள்ளி வைக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் படி: தட்டைத் திருத்துங்கள்

முதலில் சில மாயைகளைக் கலைத்துவிடலாம். பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது என்பதால் ரத்தம் ஊறாது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு, ஆப்பிளில் இன்னும் குறைவு. பேரீச்சம்பழம் ஒன்றில் அரை மில்லிகிராமுக்கும் கீழே. காலையில் இரண்டு பேரீச்சை, ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டு "எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், ஏறவில்லை" என்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். இரும்புக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். ஒரு தேக்கரண்டி வெல்லத்துக்கும் அதே தீர்ப்புதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வெளியிட்ட அளவுப்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராமும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் இரும்பு தேவை. வெள்ளை அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று போனால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரியும். 100 கிராமுக்குக் கொள்ளில் எட்டுக்கு மேல், கம்பில் ஆறுக்கு மேல், கொண்டைக்கடலையிலும் ஏறத்தாழ அதே அளவு, கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரை மில்லிகிராம் அளவில் இருக்கிறது. எள்ளில் பத்துக்கு மேல். எல்லாம் சமைப்பதற்கு முன் எடைபோட்ட கணக்கு. எனவே தினம் ஒரு வேளையாவது அரிசியின் இடத்தில் கம்போ கேழ்வரகோ, தினம் ஒரு கைப்பிடி பயறு, வாரம் நான்கு நாள் கீரை, மாலையில் ஓர் எள்ளுருண்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தானியங்களிலும் பயறுகளிலும் இரும்பைப் பூட்டி வைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அந்தப் பூட்டு தளரும். இதற்காக நாம் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. இட்லி மாவு புளிப்பதும், முளைகட்டிய பயறும், முதல் நாள் இரவு கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கேழ்வரகுக் கூழும் அதைத்தான் செய்கின்றன. கூழுக்குக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயம்கூட வீணில்லை. வெங்காயமும் பூண்டும் தானியத்திலிருக்கும் இரும்பை எளிதில் கிடைக்கும்படி செய்கின்றன என்று மைசூருவில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010இல் காட்டினார்கள். அது ஆய்வகக் குடுவையில் பார்த்த முடிவு, மனிதரிடம் சோதித்தது இல்லை. இருந்தாலும் சின்ன வெங்காயம் கடிக்க எனக்கு அந்தக் காரணம் போதும்.

பூட்டைத் தளர்த்தும் பெரிய சாவி வைட்டமின் சி. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய், மாங்காய், தக்காளி, குடமிளகாய், பச்சைக் கொத்தமல்லி. இரும்பு உள்ள அதே வேளையில், அதே தட்டில் அது இருக்க வேண்டும். காலையில் நெல்லிச்சாறு குடித்துவிட்டு மதியம் கீரை சாப்பிட்டால் இரண்டும் சந்திப்பதே இல்லை. கடற்கரையில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் பட்டாணிக்கு மாங்காய் என்ற ஜோடி அப்படியே பாடப்புத்தகக் கணக்கு. சுண்டலுக்கு மாங்காய் கிடைக்காத மாதங்களில் எலுமிச்சை பிழியுங்கள்.

வைட்டமின் சி சூட்டில் கெடும். அதனால் கீரையை நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். இரும்பு வாணலியில் எண்ணெய் விட்டு, கடுகு, காய்ந்த மிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு தாளிப்பேன். வெங்காயம் வாடியதும் இரண்டு பெரிய கைப்பிடி உருவிய முருங்கைக்கீரை, உப்பு. மூடாமல் ஐந்தாறு நிமிடம் கிளறினால் சுருண்டு வெந்துவிடும். வெந்த பாசிப்பருப்பு ஒரு கரண்டி சேர்த்து இறக்கிவிட்டு, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிவேன். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும்.

வாணலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்புச் சட்டியில் புளிப்பான எதைக் கொதிக்கவிட்டாலும் சட்டியிலிருந்து கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, வத்தக்குழம்பு எல்லாம் இதற்குத் தோது. எவ்வளவு இறங்கும் என்பது சட்டியையும் புளிப்பையும் நேரத்தையும் பொறுத்து மாறும். அதனால் இதையே மருந்தாக நம்ப வேண்டாம். ஆனால் பாட்டி காலத்து இரும்புத் தோசைக்கல்லைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நான்ஸ்டிக் வாங்கியவர்கள் ஒன்றை இழந்திருக்கிறோம். சமைத்ததை அதிலேயே இரவு முழுக்க வைக்காதீர்கள். குழம்பு கறுத்து உலோக வாடை வரும், சட்டியும் துருப்பிடிக்கும்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வேலை எளிது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் கணிசமான பகுதி வேறு வடிவத்தில் இருக்கிறது. அது 15 முதல் 35 சதவீதம் வரை நேராக ஏறும், டீயும் ஃபைட்டேட்டும் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதே தட்டில் இருக்கும் பருப்பு, கீரையின் இரும்பையும் அது இழுத்துக்கொண்டு போகும். கீரையோடு இரண்டு துண்டு மீன் இருந்தாலே வித்தியாசம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். ஆட்டின் மண்ணீரலான அதில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. காலையில் சீக்கிரமாகப் போனால்தான் கிடைக்கும். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதானே. ஆட்டு ரத்தப் பொரியல், ஈரல் இரண்டும் அடுத்த இடம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செறிவூட்டப்பட்ட அரிசி வந்த புதிதில் என் அத்தை முறத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். "பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள், தண்ணீரில் போட்டால் மிதக்கிறது பார்" என்றார். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் பிழிந்து எடுத்த மணி. சாதாரண அரிசி நூறுக்கு ஒன்று என்று கலக்கிறார்கள். கலந்த அரிசி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. அத்தை பொறுக்கி எறிந்தது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த இரும்பை! உங்கள் கடையில் அந்த அரிசி கிடைத்தால், அதிகம் களையாமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கிச் சாப்பிடுங்கள். வடித்தால் கஞ்சியைக் கொட்டாமல் குடித்துவிடலாம்.

ஐந்தாம் படி: மாத்திரை

ஹீமோகுளோபின் குறைந்த பிறகு உணவால் மட்டும் மேலே ஏறுவது மிக மெதுவாகத்தான் நடக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் ஏறி, அதில் ஒன்று தினசரிச் செலவுக்குப் போனால், காலியான பெட்டி எப்போது நிரம்பும்? உணவு, இருப்பு இறங்காமல் காப்பதற்கு. இறங்கியதை ஏற்றுவதற்கு மாத்திரை. இதில் வீம்பு வேண்டாம்.

அட்டையைப் படிக்கப் பழகுங்கள். ஃபெரஸ் ஃபுமரேட் 152 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் இரும்பு 50 மில்லிகிராம்தான். 'எலிமென்டல் அயர்ன்' என்று தனியாகக் குறித்திருக்கும் எண்ணே உண்மையான அளவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையும் அதே அளவுதான். விலை உயர்ந்த டானிக் பாட்டில்கள் சிலவற்றில் ஒரு மூடிக்கு எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

போடும் முறை: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது இருக்கும்போது, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. எனக்கு அமைந்த நேரம் காலை பதினொன்று. எட்டு மணி டிபன் செரித்திருக்கும், வயிறு முழுக்க வெறுமையாகவும் இருக்காது என்பதால் குமட்டல் வரவில்லை. காபியோ பாலோ பக்கத்தில் இல்லை. எலுமிச்சைச் சாறோடு போடலாம், தவறில்லை. ஆனால் இதற்கென்று தனியாக வைட்டமின் சி மாத்திரை வாங்க வேண்டியதில்லை. 2020இல் வெளியான ஒரு சீன ஆய்வில், அதைச் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே அளவுக்குத்தான் ஏறியது.

வயிறு தாங்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அளவைக் குறைத்துக் கேட்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று கேட்கலாம். ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள் இரும்புக்கு வாயிற்காவலன் மாதிரி. ஒரு முழு மாத்திரை உள்ளே போனதும் அது எழும்பி, ஒரு நாள் வரைக்கும் அடுத்த மாத்திரைக்குக் கதவைச் சாத்துகிறது. 2017இல் ஜூரிச் ஆய்வாளர்கள் இரும்பு குறைந்த பெண்களிடம் பார்த்தபோது, தினமும் போட்டவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையிலும் 16 சதவீதமும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கு 22 சதவீதமும் ஏறியிருந்தது. காலை, இரவு என்று இரண்டாகப் பிரித்துப் போடுவதாலும் பெரிய லாபம் இல்லை. ஆனால் கர்ப்பிணிகளும் ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே மாற்றக் கூடாது. அவர்களுக்கு நேரம் குறைவு. மருத்துவர் சொன்னபடி தினமும் போட வேண்டும்.

அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாத்திரையில் இருக்கும் இரும்பு உப்பின் வகையை மாற்றலாம். ஃபெரஸ் சல்ஃபேட், ஃபுமரேட் மலிவானவை, நன்றாக வேலை செய்பவை, வயிற்றைக் கொஞ்சம் படுத்துபவை. ஃபெரஸ் பிஸ்கிளைசினேட் பலருக்கு மென்மையாக இருக்கிறது. குறைந்த அளவு போட்டாலே நன்றாக ஏறும். இரும்பு பாலிமால்டோஸ் வகையும் வயிற்றுக்கு இதம், உணவோடு போடலாம், ஆனால் ஏறும் வேகம் மட்டு. 'மெதுவாகக் கரையும்' என்று பூச்சுப் பூசிய மாத்திரைகள் தொல்லை கொடுக்காததற்கு ஒரு காரணம், இரும்பு ஏற வேண்டிய முன்சிறுகுடலைத் தாண்டிப் போய்க் கரைவதுதான். அந்த இதத்தால் என்ன பயன்? கடைசி வழியாகக் கொஞ்சம் உணவோடு போட்டுக்கொள்ளலாம். ஏறுவது குறையும். ஆனாலும் டப்பாவிலேயே கிடக்கும் மாத்திரையைவிட அது மேல்.

சித்த மருத்துவத்தில் பாண்டு நோய்க்கு, அதாவது ரத்தசோகைக்கு, அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பது பழைய வழக்கம். அதுவும் இரும்புதான். எடுத்துக்கொள்பவர்கள் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். ஆங்கில மாத்திரையும் சாப்பிடுகிறேன் என்பதை மறைக்காதீர்கள்.

மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தார் போல ஒட்டிக்கொண்டு துர்நாற்றத்தோடு போனால் அது வேறு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கொய்யாவும் வாழைத்தண்டும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. சிரப் குடிக்கும் குழந்தைகளுக்குப் பல் கறுக்கும் என்பதால் குடித்ததும் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

மற்ற மாத்திரைகளோடு வரும் சிக்கலைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கர்ப்ப காலத்தில் இரும்பும் கால்சியமும் ஒரே பையில் கிடைக்கும். ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்றை ஒன்று கெடுக்கும். கால்சியத்தைச் சாப்பாட்டோடும், இரும்பை இரண்டு மணி நேரமாவது தள்ளியும் போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலை ஆறுக்குத் தைராய்டு மாத்திரை போடுபவர்களுக்கும் அந்தப் பதினொரு மணி பொருந்தும். நெஞ்செரிச்சல் மருந்தும் சில ஆன்டிபயாடிக்குகளும் இரும்போடு ஒத்துப்போகாது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இரும்பு மாத்திரை எட்டாத உயரத்தில், பூட்டில் இருக்க வேண்டும். சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு மிட்டாய் மாதிரி இருக்கும் அதைச் சிறு குழந்தை கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. விழுங்கிவிட்டால் வாந்தி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆறாம் படி: மறுபடி அளந்து பாருங்கள்

மாத்திரை தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, நான்காவது வாரத்தில் இன்னொரு வட்டம் போடுங்கள். அதற்குள் ஹீமோகுளோபின் ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் உங்களிடமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை நாள் மறந்தேன், எதோடு விழுங்கினேன்? அதில் குறையில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும். ரத்தம் எங்கோ போகிறது, அல்லது குடல் உறிஞ்சவில்லை, அல்லது இது இரும்புக் குறைவே இல்லை. மாத்திரையால் முடியாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கும்போது மிகக் குறைவாக இருப்பவர்களுக்கும் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது.

12ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். நான் முதல் முறை அங்கேதான் தவறினேன். 12.1 என்று வந்த அன்றே டப்பாவை மூடிவைத்தேன். எட்டு மாதத்தில் மறுபடி பச்சரிசி டப்பாவுக்குள் கை போயிற்று. ரொக்கம் சரியானதும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். பிறகு ஃபெரிட்டின் பார்த்துவிட்டு நிறுத்தலாம். இரண்டாவது முறை அப்படித்தான் செய்தேன், ஃபெரிட்டின் 9இலிருந்து 52க்கு வந்த பிறகு நிறுத்தினேன். இப்போது வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். காலைக் காபி இன்னும் ஆறரைக்குத்தான்.